போஸ்மன் தடம்: புல்லும் நீரும் காட்டிய வழி

அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குக் கூண்டு வண்டிகளில் குடியேறிகள் சென்ற தடங்கள் என்றால் ஓரிகன் தடமும் கலிபோர்னியா தடமும்தான் முதலில் நினைவுக்கு வரும். 1840-களில் தொடங்கி ரயில் வரும்வரை லட்சக்கணக்கானோர் அவற்றின் வழியே சென்றார்கள். இன்றைய வயோமிங் மாநிலத்தின் பிளாட் ஆற்றங்கரையிலிருந்து வடமேற்காகப் பிரிந்து மொன்டானாவின் பொன்வயல்களுக்குச் சென்ற போஸ்மன் தடத்துக்கு அத்தகைய நீண்ட ஆயுள் வாய்க்கவில்லை. 1863-ல் தொடங்கி 1868-ல் அது மூடப்பட்டது. குடியேறிகளின் வண்டிகள் உண்மையில் கடந்து சென்றது இரண்டே கோடைகளில்தான். சென்றவர்களின் மொத்த எண்ணிக்கை ஏறக்குறைய 3,500 என்று மதிப்பிடப்படுகிறது. இவ்வளவு சிறிய போக்குவரத்துக்காக மூன்று கோட்டைகள் கட்டப்பட்டன, ஒரு போர் நடந்தது, முடிவில் அமெரிக்க அரசு தான் திறந்த சாலையைத் தானே மூடுவதாக ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தது. இது ஏன் நேர்ந்தது என்பதற்கான விடையைத் தளபதிகளின் தவறுகளிலும் பேச்சுவார்த்தைகளின் முறிவிலும் தேடுவது வழக்கம். அந்தத் தடம் சென்ற நிலத்தைப் பார்த்தால் விடை இன்னும் தெளிவாகக் கிடைக்கும் என்பது என் கருத்து. வண்டிக்கு எவையெல்லாம் அந்த வழியை உகந்ததாக ஆக்கினவோ, அவையேதான் அங்கே வாழ்ந்த மக்களுக்கு அந்த நிலத்தை விட்டுக்கொடுக்க முடியாததாகவும் ஆக்கின.

முதலில் பொன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1862 ஜூலையில் இன்றைய மொன்டானாவின் தென்மேற்கில் கிராஸ்ஹாப்பர் ஓடையில் பொன் கிடைத்து, பானக் என்ற ஊர் எழுந்தது. அடுத்த ஆண்டு மே 26 அன்று பில் ஃபேர்வெதரின் குழு ஆல்டர் பள்ளத்தாக்கில் அதைவிட வளமான படிவைக் கண்டுபிடித்தது. சில வாரங்களில் வர்ஜீனியா சிட்டி உருவானது. ஓராண்டுக்குள் அந்த ஓடை நெடுகிலும் ஏறக்குறைய 10,000 பேர் குடிசை போட்டிருந்தார்கள். அங்கே கிடைத்தது வண்டல் பொன். பாறையை உடைக்கும் இயந்திரமோ பெருமுதலோ இல்லாமல் மண்வெட்டி, தட்டு, மரத் தொட்டி, ஓடும் நீர் ஆகியவற்றைக் கொண்டே ஒரு மனிதன் அதை அரித்தெடுக்கலாம். அதனால்தான் காலம் அவ்வளவு பெரிதாகப் பட்டது. ஓடையின் நல்ல பகுதிகள் முதலில் வந்தவர்களுக்கே போய்விடும். ஒரு மாதம் பிந்தி வருபவன் இன்னொருவனிடம் கூலிக்கு நிற்க வேண்டியதுதான். சுரங்க ஊர்களுக்கு வேண்டிய மாவு, ஆணி, துணி எல்லாமே வெளியிலிருந்துதான் வந்தன. 1865 வசந்தத்தில் கணவாய்களைப் பனி அடைத்துக்கொண்டபோது வர்ஜீனியா சிட்டியில் ஒரு மூட்டை மாவின் விலை 100 டாலர் அளவுக்கு ஏறியது. மக்கள் கூட்டமாகத் திரண்டு கடைகளிலிருந்த மாவைப் பறிமுதல் செய்து பங்கிட்டார்கள்.

அந்தப் பொன்வயல்களுக்கு ஏற்கெனவே இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து மிசௌரி ஆற்றில் நீராவிப் படகேறி, 3,500 கிலோமீட்டருக்கும் மேல் எதிர்நீரில் சென்று ஃபோர்ட் பென்டனில் இறங்கி, அங்கிருந்து தரைவழியே போவது. பனி உருகி ஆற்றில் வெள்ளம் நிற்கும் பருவத்தில் மட்டுமே படகு அதுவரை செல்ல முடியும். கட்டணமும் ஏழைகளுக்கு எட்டாதது. மற்றொன்று, ஓரிகன் தடத்தில் சவுத் பாஸ் கணவாயைத் தாண்டி, ஐடாஹோவின் ஃபோர்ட் ஹால் வரை சென்று, அங்கிருந்து வடக்கே திரும்புவது. இந்த இரண்டாவது வழியில் ஒரு விந்தை உண்டு. வர்ஜீனியா சிட்டி, மழைநீரைக் கிழக்காகவும் மேற்காகவும் பிரிக்கும் கண்டப் பிரிமேட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. பிளாட் ஆறும் கிழக்கேதான் இருக்கிறது. ஃபோர்ட் ஹால் வழியே போகிறவர்கள் அந்த முகட்டை ஒரு முறை மேற்காகத் தாண்டி, மீண்டும் ஒரு முறை கிழக்காகத் தாண்டிவர வேண்டியிருந்தது. நில வரைபடத்தைப் பார்த்த எவருக்கும், பிளாட் ஆற்றிலிருந்து பிக்ஹார்ன் மலைகளின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டிப் போய், யெல்லோஸ்டோன் ஆற்றைப் பிடித்து மேற்கே திரும்பினால் முகட்டைத் தாண்டவே வேண்டாம் என்பது புலப்பட்டிருக்கும். மொத்தத் தூரம் ஏறக்குறைய 800 கிலோமீட்டர். சில வாரப் பயணம் மிச்சமாகும்.

ஜான் போஸ்மன் என்ற ஜார்ஜியா மாநிலத்து இளைஞருக்கும், அவருடைய கூட்டாளி ஜான் ஜேக்கப்ஸுக்கும் தோன்றியது இதுதான். போஸ்மன் 1860-ல் மனைவியையும் மூன்று பெண் குழந்தைகளையும் ஊரில் விட்டுவிட்டுக் கொலராடோவில் பொன் தேடிச் சென்றவர். அங்கே ஒன்றும் கைகூடாமல் மொன்டானாவுக்கு வந்தார். மண்ணை அரிப்பவனைவிட, அரிக்க வருகிறவர்களை அழைத்து வருபவனுக்கு வருமானம் உறுதி என்று கணக்கிட்டார். 1863 வசந்தத்தில் இருவரும், ஜேக்கப்ஸின் சிறுமியான மகளையும் உடன் அழைத்துக்கொண்டு, மொன்டானாவிலிருந்து பிளாட் ஆறு வரை வழி பார்த்து வந்தார்கள். நடுவில் குதிரைகளையும் துப்பாக்கிகளையும் பறிகொடுத்து, அரைப்பட்டினியாகத்தான் வந்து சேர்ந்தார்கள். அப்படியிருந்தும் அதே கோடையில் 40-க்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரட்டிக்கொண்டு வடக்கே கிளம்பினார்கள். இன்றைய பஃபலோ நகருக்கு அருகே, அந்த நிலத்தில் வாழ்ந்த பூர்வகுடிகளான செயென், லகோட்டா இனங்களின் வீரர்கள் ஏறக்குறைய 150 பேர் அவர்களை மறித்து, திரும்பிப் போனால் தீங்கில்லை, மேலே வந்தால் நல்லதல்ல என்று எச்சரித்தார்கள். வண்டிக்காரர்கள் பல நாள் யோசித்துவிட்டுத் திரும்பிப் பழைய வழியையே பிடித்தார்கள். போஸ்மன் மட்டும் சில ஆட்களுடன் குதிரையில், பெரும்பாலும் இரவில் பயணம் செய்து மொன்டானாவை அடைந்தார். எச்சரிக்கை தெளிவாகவே தரப்பட்டது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தடத்தின் நிலத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். பிளாட் ஆற்றை விட்டுக் கிளம்பியதும் பவுடர் ஆறு வரை வறண்ட மேட்டு நிலம். உப்புப் பூத்த நீர்நிலைகளில் குடித்த மாடுகள் நோயுற்றன. பவுடர் ஆற்றையும் கிரேஸி உமன் ஓடையையும் தாண்டிப் பிக்ஹார்ன் அடிவாரத்தை நெருங்கியதும் காட்சி மாறுகிறது. மலையின் பனி உருகி வரும் ஓடைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கிடுகின்றன: கிளியர், பைனி, டங், லிட்டில் பிக்ஹார்ன். ஒரு நாள் நடைக்குள் அடுத்த நல்ல நீர் கிடைத்துவிடும். ஓடைக் கரைகளில் விறகுக்குக் காட்டன்வுட் மரங்கள், சரிவுகளில் முழங்கால் உயரப் புல். எருது பூட்டிய வண்டி ஒரு நாளைக்கு 20 முதல் 25 கிலோமீட்டர்தான் போகும். அதன் எரிபொருள் புல்தான். தீவனத்தைச் சுமந்து போக இயலாது. பெரும்பாலோர் குதிரையை விட்டு எருதைத் தேர்ந்தெடுத்ததற்கும், விலை குறைவு என்பதோடு, வெறும் புல்லைத் தின்றே ஒரு டன் சுமையை மாதக்கணக்கில் இழுக்கும் என்பதே காரணம். ஆகவே வண்டித் தடம் என்பது உண்மையில் புல்லையும் நீரையும் தொடர்ந்து போகும் கோடுதான்.

அதே புல்லைத் தொடர்ந்துதான் பைசன் காட்டெருமைகளும் வந்தன. பவுடர் ஆற்றுப் படுகை வடக்குச் சமவெளியில் எஞ்சியிருந்த மிகச் சிறந்த வேட்டை நிலம். பிளாட் ஆற்றங்கரையில் 20 ஆண்டுகளாகச் சென்ற வண்டிகள் அங்கிருந்த புல்லை மேய்த்து, மரங்களை வெட்டி எரித்து, மந்தைகளைக் கலைத்துவிட்டதை லகோட்டாக்கள் கண்ணெதிரே பார்த்திருந்தார்கள். ஒரு சாலை வந்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்கு அனுபவப் பாடம். போஸ்மன் தடத்தில் சென்றவர்கள் வெறும் வழிப்போக்கர்கள், அவர்களை விட்டுவைத்திருக்கலாமே என்று எழுதுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. 1,000 எருதுகள் ஓர் இரவு தங்கும் ஓடைக்கரையில் அடுத்த நாள் மான் மேய எதுவும் மிஞ்சாது.

உரிமையைப் பற்றிய கேள்வி இதைவிடச் சிக்கலானது. அதை எளிமைப்படுத்துவது நியாயமாகாது. 1851-ல் ஃபோர்ட் லாரமியில் கையெழுத்தான ஒப்பந்தம் இந்தப் படுகையின் பெரும்பகுதியை மற்றொரு பூர்வகுடியான க்ரோ மக்களின் நிலமாகவே வரையறுத்தது. அதன் பின்னர், கிழக்கிலிருந்து நெருக்கப்பட்டு வந்த லகோட்டாக்களும் அவர்களுடைய தோழமை இனங்களான செயென், அரபஹோ மக்களும் க்ரோக்களைப் போரிட்டு மேற்கே தள்ளினார்கள். க்ரோக்கள் பின்னாளில் படைக்கு உதவியதற்கும், கோட்டைகளுக்குச் செய்தி சுமந்ததற்கும் காரணம் இந்த இழப்புதான். எந்தக் கணக்கில் பார்த்தாலும், பொன் தேடி வந்தவர்களுக்கு அந்த நிலத்தில் சாலை போடும் உரிமையை யாரும் தந்திருக்கவில்லை.

மாற்று வழியே இல்லை என்பதும் சரியல்ல. மலைகளில் 40 ஆண்டுகள் வாழ்ந்திருந்த ஜிம் பிரிட்ஜர், 1864-ல் இன்னொரு வண்டித் தொடரைப் பிக்ஹார்ன் மலைகளுக்கு மேற்கே, வறண்ட படுகை வழியாக அழைத்துச் சென்றார். அந்தப் பக்கம் வேட்டை விலங்கு குறைவு, அதனால் மோதலுக்கு வாய்ப்பும் குறைவு. ஆனால் புல் அரிது, நீர் அரிது, நிலம் கரடுமுரடு. பிரிட்ஜரின் வழி மனிதர்களுக்குப் பாதுகாப்பானது, மாடுகளுக்குக் கொடியது. போஸ்மனின் வழி அதற்கு நேர் எதிர். குடியேறிகளில் மிகப் பலர் மாடுகளுக்கு உகந்ததையே தேர்ந்தெடுத்தார்கள். பாலை நிலத்தில் எருதுகள் செத்து விழுந்தால் குடும்பத்தின் உடைமை முழுவதும் அங்கேயே கிடந்து அழியும் என்பது அவர்களுக்குத் தெரியும். மறிக்கப்படுவோமா என்பதோ வாய்ப்பைப் பொறுத்தது என்று எண்ணினார்கள். மாடுகளையே நம்பி வாழ்ந்தவர்கள் அப்படி எண்ணியதில் வியப்பில்லை.

1864 கோடையில் நான்கு பெரிய வண்டித் தொடர்கள் போஸ்மன் தடத்தில் சென்றன. மொத்தம் சுமார் 1,500 பேர். பெரிய தொடர்களில் ஒன்றான டவுன்சென்டின் தொடரில் 150 வண்டிகள் இருந்தன. தலைவரைத் தேர்தல் வைத்தே தேர்ந்தெடுத்தார்கள். இரவுக் காவல் முறை, வண்டிகளின் வரிசை, மாடு மேய்க்கும் பொறுப்பு எல்லாம் எழுதி வைத்த விதிகளின்படி நடந்தன. கூண்டுக்குள் யாரும் சொகுசாக உட்கார்ந்து போகவில்லை. நான்கு அடி அகலமுள்ள பெட்டியில் மாவு, பன்றி இறைச்சி, சுரங்கக் கருவிகள், படுக்கை எல்லாம் அடைத்திருந்ததால் பெண்களும் குழந்தைகளும்கூட நடந்தே போனார்கள். வறண்ட காற்றில் சக்கரத்தின் மரம் சுருங்கி இரும்புப் பட்டை தளர்ந்து கழன்றுவிடும். மாலையில் சக்கரங்களைக் கழற்றி ஓடையில் ஊற வைப்பதும், பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே ஆப்பு அடிப்பதும் ஓயாத வேலை. செங்குத்தான இறக்கங்களில் சக்கரத்தைச் சங்கிலியால் பூட்டி, பின்னால் கயிறு பிடித்து ஆட்கள் இழுத்துக்கொண்டே இறக்குவார்கள். பிக்ஹார்ன் போன்ற பெரிய ஆறுகளைக் கடப்பதற்குச் சில வேளை நாள்கணக்கில் ஆயிற்று. ஜூலை 7 அன்று டவுன்சென்டின் தொடர் பவுடர் ஆற்றுக்கருகே தாக்கப்பட்டு, குடியேறிகளில் நால்வர் உயிரிழந்தனர். மற்றத் தொடர்கள் பெரிய மோதல் இன்றிப் போய்ச் சேர்ந்தன. ஆகஸ்டில் கல்லட்டின் பள்ளத்தாக்கில் போஸ்மன் பெயரால் ஓர் ஊர் அமைந்தது. பொன்னைவிட, பொன் அரிப்பவர்களுக்குக் கோதுமையும் உருளைக்கிழங்கும் விளைவித்துத் தருவதில்தான் அந்த ஊர் தழைத்தது.

அந்த ஆண்டு நவம்பர் 29 அன்று, இந்தத் தடத்துக்கு வெகு தெற்கே, கொலராடோவின் சாண்ட் க்ரீக்கில், சமாதானத்தை நம்பி முகாமிட்டிருந்த செயென், அரபஹோ மக்களை ஒரு தன்னார்வப் படை கொன்று குவித்தது. இறந்தவர்கள் 150-க்கும் மேல். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். தப்பியவர்கள் வடக்கே பவுடர் ஆற்றுப் படுகைக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பின் அந்தப் படுகையில் எந்தப் பேச்சுவார்த்தையும் பழையபடி நடக்க வாய்ப்பில்லாமல் போயிற்று. 1865-ல் தடம் குடியேறிகளுக்கு மூடப்பட்டது. ஜெனரல் கானரின் படையெடுப்பு பவுடர் ஆற்றங்கரையில் ஒரு கோட்டையை நிறுத்தியதையும், டங் ஆற்றங்கரையில் ஓர் அரபஹோ முகாமை எரித்ததையும் தவிரப் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை.

1866 ஜூனில் ஃபோர்ட் லாரமியில் அரசின் பிரதிநிதிகள் தலைவர்களை அழைத்துச் சாலைக்கு அனுமதி கேட்டார்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே கர்னல் ஹென்றி கேரிங்டன் ஏறக்குறைய 700 வீரர்களுடனும் அவர்களுடைய குடும்பங்களுடனும், அதே சாலையில் கோட்டை கட்டும் உத்தரவோடு அங்கே வந்து சேர்ந்தார். கேட்பதற்கு முன்பே எடுத்துக்கொள்ளத் தீர்மானித்துவிட்டார்கள் என்பது வெளிச்சமாயிற்று; ஒக்லாலா லகோட்டாவின் தலைவர் ரெட் க்ளவுட் எழுந்து வெளியேறினார். கேரிங்டன், கானர் நிறுத்திய பழைய கோட்டையை ஃபோர்ட் ரீனோ என்ற பெயரில் தக்கவைத்து, வடக்கே ஜூலையில் ஃபோர்ட் ஃபில் கர்னியையும், ஆகஸ்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் ஃபோர்ட் சி. எஃப். ஸ்மித்தையும் கட்டினார். ஃபில் கர்னியின் சுற்றரண் 11 அடி நீளப் பைன் மரங்களை மூன்றடி மண்ணில் புதைத்து நட்டது. கோட்டை நின்ற இடத்தில் புல்லும் நீரும் இருந்தன, மரம் இல்லை. பைன் காடு எட்டுப் பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால். ஆகவே கட்டுமான மரத்துக்கும் குளிர்கால விறகுக்குமாக நாள்தோறும் ஒரு வண்டித் தொடர் படைக்காவலுடன் காட்டுக்குப் போய்வர வேண்டியிருந்தது. அந்த வண்டிகளே லகோட்டாக்களின் இலக்காயின. சாலையைக் காக்க வந்த கோட்டை, தன் விறகைக் காப்பதிலேயே தன் பலம் முழுவதையும் செலவிட்டது என்று சொன்னால் மிகையாகாது.

டிசம்பர் 21 அன்று விறகு வண்டிகள் தாக்கப்பட்டதும், அவற்றை மீட்கக் கேப்டன் வில்லியம் ஃபெட்டர்மன் தலைமையில் 81 பேர் சென்றனர். தோற்று ஓடுவது போல் போக்குக் காட்டிய சிறு கூட்டத்தைத் துரத்தி லாட்ஜ் டிரெய்ல் மேட்டைத் தாண்டினார்கள். அப்பால் பெரும்படை காத்திருந்தது. 81 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. ஜான் ஃபிலிப்ஸ் என்பவர் கடும்பனியில் ஏறக்குறைய 380 கிலோமீட்டர் குதிரையில் சென்று, கிறிஸ்துமஸ் இரவில் ஃபோர்ட் லாரமிக்குச் செய்தி சேர்த்தார். 1908-ல் அந்த மேட்டில் திறக்கப்பட்ட நினைவுத்தூணின் வாசகம், அங்கே உயிர் தப்பியவர் எவரும் இல்லை என்று முடிகிறது. அன்று அங்கே போரிட்டு வீடு திரும்பிய லகோட்டா, செயென், அரபஹோ வீரர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுடைய நினைவுகள் வழிவழியாகச் சொல்லப்பட்டும் வந்தன. கல்லில் எழுதியவர்கள் அவர்களைத் தப்பியவர்களாகக் கருதவே இல்லை. இந்தத் தடத்தின் வரலாறு நெடுங்காலம் எந்தப் பக்கத்திலிருந்து மட்டும் எழுதப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதன் பிறகு குடியேறிகளின் வண்டிகள் அந்தப் பக்கம் வரவில்லை. 1867-ல் தடத்தில் போனவை கோட்டைகளுக்கான தளவாட வண்டிகள்தான். அந்த ஆண்டு ஏப்ரலில் போஸ்மன் யெல்லோஸ்டோன் ஆற்றங்கரையில் கொல்லப்பட்டார். உடனிருந்த டாம் கவர், பிளாக்ஃபீட் என்ற பூர்வகுடி வீரர்கள் சுட்டதாகச் சொன்னார். அவர்மீதே சந்தேகம் கொண்டவர்கள் அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு. ஆகஸ்ட் 2 அன்று ஃபில் கர்னிக்கு அருகே, சக்கரங்களை விட்டுக் கழற்றிய வண்டிப் பெட்டிகளை வட்டமாக வைத்து, அவற்றின் பின்னிருந்து 32 பேர் பெருந்தாக்குதலைத் தாங்கினார்கள். பின்பக்கம் தோட்டா நிரப்பும் புதிய ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கிகளே அவர்களைக் காத்தன. ஆனால் ஒரு சண்டையில் தப்புவது வேறு, சாலையைத் திறந்து வைப்பது வேறு. இரண்டாவதைப் படையால் ஒருநாளும் செய்ய முடியவில்லை.

சாலையை மூடும் முடிவுக்கு லகோட்டாக்களின் உறுதியோடு வேறொரு காரணமும் சேர்ந்தது. யூனியன் பசிஃபிக் ரயில்பாதை வயோமிங்கின் தெற்கே வேகமாக மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அது யூட்டாவை எட்டிவிட்டால் அங்கிருந்து வடக்கே மொன்டானாவுக்குச் சரக்கு வண்டிகள் எளிதில் போகும், போஸ்மன் தடமே தேவைப்படாது. ரயில் பணியைக் காக்கப் படைகளும் தேவைப்பட்டன. 1868-ன் ஃபோர்ட் லாரமி ஒப்பந்தத்தின் 16-ஆவது பிரிவு, கோட்டைகளைக் கைவிடுவதாகவும் அவற்றுக்குச் செல்லும் சாலைகளை மூடுவதாகவும் உறுதியளித்தது. பிளாட் ஆற்றுக்கு வடக்கே, பிக்ஹார்ன் முகடுகளுக்குக் கிழக்கே உள்ள நிலத்தில் வெள்ளையர் குடியேறக் கூடாது என்றும் கூறியது. படைகள் அந்தக் கோடையில் வெளியேறின. காலியான ஃபில் கர்னி எரிக்கப்பட்டது. கோட்டைகள் போனதைக் கண்ணால் கண்ட பிறகே, நவம்பரில், ரெட் க்ளவுட் கையெழுத்திட்டார். படைக்குத் துணை நின்ற க்ரோக்களோ அதே ஆண்டு மற்றோர் ஒப்பந்தத்தில் ஏறக்குறைய 380 லட்சம் ஏக்கரிலிருந்து 80 லட்சம் ஏக்கருக்குச் சுருக்கப்பட்டார்கள்.

அதே ஒப்பந்தத்தின் இன்னொரு பிரிவில், பிளாட் ஆற்றுக்கு வடக்கே வேட்டையாடும் உரிமை, வேட்டைக்குப் போதுமான எண்ணிக்கையில் காட்டெருமைகள் இருக்கும்வரை என்ற வரம்புடன் எழுதப்பட்டிருந்தது. 1874-ல், அந்த ஒப்பந்தம் லகோட்டாக்களுக்கு ஒதுக்கியிருந்த பிளாக் ஹில்ஸ் மலையில் பொன் இருப்பது உறுதியானதும் மீண்டும் போர் வந்தது. 1876-ல் ஜெனரல் குரூக்கின் படை வடக்கே அணிவகுத்தது பழைய போஸ்மன் தடத்தின் வழியேதான். படையின் குதிரைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் அதே புல்லும் நீரும் வேண்டியிருந்தன. 1877 பிப்ரவரியில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பிளாக் ஹில்ஸைப் பறித்ததோடு, சாலையை மூடிய அந்த 16-ஆவது பிரிவையும் பெயர் சொல்லி ரத்து செய்தது. 1880-களின் தொடக்கத்தில் வடக்குச் சமவெளியின் பைசன் மந்தைகள் தோலுக்காக அழிக்கப்பட்டு முடிந்தபோது, டெக்சாஸிலிருந்து ஓட்டி வந்த கறிமாட்டு மந்தைகள் பிக்ஹார்ன் அடிவாரத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. நெல்சன் ஸ்டோரி என்ற வணிகர் 1866-லேயே, கோட்டைத் தளபதியின் தடையை மீறி, அதே வழியில் டெக்சாஸ் மாடுகளைக் கல்லட்டின் பள்ளத்தாக்கு வரை ஓட்டிச் சென்று அந்தப் புல்லின் மதிப்பைக் காட்டியிருந்தார். இன்று பஃபலோவிலிருந்து ஷெரிடன் வழியாகச் செல்லும் 90-ஆம் எண் நெடுஞ்சாலை ஏறக்குறைய அந்தத் தடத்தை ஒட்டியே போகிறது. இருபுறமும் உள்ள வேலியிட்ட மேய்ச்சல் நிலங்களுக்கு நீர் வருவது அதே பைனி, டங் ஓடைகளிலிருந்துதான்.